பாட்டிலில் கூலன்ட் இருக்கு, ரேடியேட்டரில் இருக்கா?

வண்டி கேள்வி – பதில்

சித்திரை பிறந்ததிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வண்டி ஹீட் ஏறுது. அதனால் இந்த இதழில் டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களின் கூலன்ட் (என்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்) கேள்விகளுக்கு மட்டும் பதில்.

அப்பா ஓட்டிய மாருதி 800 இப்போது என் கையில். 2003 மாடல். கூலன்ட் பாட்டிலை அடிக்கடி பார்க்கிறேன், லெவல் அசையாமல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் வண்ணாரப்பேட்டை நெரிசலைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் மேலே போய்விடுகிறது. கூலன்ட் பார்ப்பது எப்படி என்று அடியிலிருந்து சொல்லுங்கள் அண்ணாச்சி.
– வாசகி, பாளையங்கோட்டை

அக்கா, "அசையாமல் அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். அந்த பாட்டில் லெவல் அசைய வேண்டும். காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது ஒரு அளவு, ஓடி வந்து நின்றதும் அதைவிடக் கொஞ்சம் மேலே, அதுதான் முறை. என்ஜின் சூடானால் உள்ளே இருக்கும் கூலன்ட் விரியும், விரிந்தது ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு மெல்லிய ரப்பர் டியூப் வழியாக பாட்டிலுக்கு வரும், ஆறியதும் அதே வழியில் உள்ளே போகும். காலையிலும் மாலையிலும் ஒரே கோட்டில் நிற்கிறது என்றால் இந்தப் போக்குவரத்தே நடக்கவில்லை. பாட்டில் நிறைய இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

நாளைக் காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய வண்டி என்பதால் பயமில்லை. கழுத்து வரை கூலன்ட் தெரிய வேண்டும். விரலை விட்டால்தான் தட்டுப்படுகிறது என்றால் குறை அங்கேதான். அப்புறம் கையில் இருக்கும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங், அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர், நடுவில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னத் தகடு இருக்கும். வாஷர் வெடித்தோ இறுகியோ போயிருந்தால் மூடி அழுத்தம் பிடிக்காது. நடுத் தகட்டை நகத்தால் மெல்ல இழுத்துவிட்டால் வந்து, உடனே திரும்ப உட்கார வேண்டும். துருவோ உப்போ பிடித்து அது ஒட்டிக்கொண்டால் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்ட் உள்ளே வராது. சில வண்டிகளில் மேல் ஹோஸ் (என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் வரும் தடித்த ரப்பர் குழாய்) ஆறியபிறகு சப்பிப்போய்க் கிடக்கும், அதற்கும் காரணம் இந்தத் தகடுதான்.

மூடி வேலை செய்வது வீட்டு குக்கர் வெயிட் மாதிரி. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். வெளியே 100 டிகிரியில் கொதிக்கிற வெறும் தண்ணீர், 0.9 பார் (அழுத்தத்தின் அளவு) மூடி போட்ட ரேடியேட்டருக்குள் 118 டிகிரி பக்கம் வந்துதான் கொதிக்கும். அதனால் மூடியின் தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். சும்மா பொருந்துகிறதே என்று வேறு மூடியைப் போடாதீர்கள். மலிவான சாமான், ஸ்பேர்ஸ் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். கூடவே அந்த மெல்லிய டியூபையும் கையால் நீவிப் பாருங்கள். இருபது வருஷ ரப்பர், பாட்டில் மூடிக்குள் நுழைகிற இடத்தில் விரிசல் விட்டிருக்கும். விரிசல் வழியாக ரேடியேட்டர் கூலன்டுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

ஊற்றும் முறை இது. ஆறிய வண்டி, மூடி திறந்திருக்கட்டும், ஏசியில் ஹீட்டர் இருந்தால் குமிழைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். மெதுவாகக் கழுத்து வரை ஊற்றி, வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸ் சுடும், அதாவது தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்துவிட்டது. அப்போது குமிழ் குமிழாகக் காற்று வந்து லெவல் சட்டென்று இறங்கும். திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, பாட்டிலில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் வையுங்கள். மறுநாள் காலையில் ஒரு தடவை பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், அது மிச்சமிருந்த காற்று போனதால். அதற்கப்புறமும் இறங்கினால் ஒழுக்கு.

இன்னொன்று. நெரிசலில் மட்டும் சூடேறி, நாங்குநேரி ரோட்டில் பிடித்து ஓட்டும்போது முள் இறங்குகிறதா? அப்படியானால் கூலன்டோடு ஃபேனையும் பாருங்கள். உங்கள் வண்டியில் கரண்ட் ஃபேன். நின்ற இடத்தில் சூடேறியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சூட்டுக்கு ஆன் ஆகிற சுவிட்ச், மோட்டார், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

முள் கீழே இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். கூலன்ட் ரொம்பக் குறைந்து சென்சார் இருக்கும் இடம் காய்ந்துவிட்டால் முள் ஏறாமலேயே என்ஜின் வெந்துபோகும். உங்கள் வண்டியின் ஹெட் (என்ஜினின் மேல் பகுதி) அலுமினியம், சூட்டில் வளைந்துவிடும், அப்புறம் செலவு கூலன்ட் கணக்கில் நிற்காது.

என்னிடம் இருப்பது பழைய அம்பாசிடர். போர் தண்ணிதான் ஊற்றுகிறேன். அந்தக் காலத்தில் எந்த டிரைவர் கூலன்ட் வாங்கினார்? நம்ம ஊரில் என்ன பனியா உறையப்போகிறது?
– வாசகர், திசையன்விளை

உறையாதுதான் அண்ணாச்சி. உறையாமல் காப்பது அந்தப் பச்சைத் தண்ணீரின் ஒரு வேலை, நமக்கு அது தேவையே இல்லை. நமக்கு வேண்டியது மற்ற இரண்டு: துருப் பிடிக்காமல் வைப்பது, கொதிநிலையைத் தள்ளிப்போடுவது. பாதிக்குப் பாதி கலந்தால் மூடியே இல்லாமல் 107 டிகிரி வரை கொதிக்காது, மூடி சரியாக இருந்தால் இன்னும் மேலே.

அந்தக் காலத்து டிரைவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது சரி. கூடவே வருஷத்துக்கு ஒரு தடவை ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, பித்தளைத் தொட்டியைப் பற்று எடுத்துப் பிரித்து, குழாய்க்குழாயாகக் கம்பி விட்டு அடைப்புக் குத்தி, திரும்ப ஈயம் வைத்து ஒட்டி வாங்கினார்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் இல்லாமல் வெளியூர் போகமாட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமில்லையா?

உங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும். சோறு வடித்த பானையின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே சூடு வெளியே போவது குறைந்துவிடும். தண்ணீர் குறையக் குறைய நீங்கள் மேலும் போர் தண்ணீரை ஊற்ற, ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும், ஒவ்வொரு தடவையும் கூடும். தாமிரபரணித் தண்ணீர் பரவாயில்லை, வாய்க்கு இனிக்கும், ஆனால் அதிலும் உப்பு கரைந்துதான் இருக்கிறது. பேட்டரி தண்ணீர் என்று ஐந்து லிட்டர் கேனில் விற்கிறார்களே, அதை வாங்குங்கள். வாங்கும்போது ஆசிட் இல்லையே என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சில கடையில் ஒரே தட்டில் இருக்கும்.

நேராக கூலன்டை ஊற்றிவிடாதீர்கள். முதலில் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து பழையதை இறக்கி, நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, துரு நிறம் போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். ரேடியேட்டர் பித்தளை என்பதால் ஈயப் பற்று இருக்கும், அதற்குப் பழைய வகைப் பச்சைக் கூலன்டே போதும், விலை அதிகமான நீண்ட ஆயுள் வகை தேவையில்லை. அடர்த்தியாக விற்பதை வாங்கினால் பாதிக்குப் பாதி, அல்லது நம்ம ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் என்று கலந்தாலும் போதும். கூலன்ட் கூடினால் குளிர்ச்சி கூடும் என்று நினைத்துத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தலைகீழ். சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச எதுவும் இல்லை, தனிக் கூலன்ட் ஊற்றினால் வண்டி இன்னும் சூடாகும்.

பாட்டில் இல்லாத அம்பாசிடர் என்றால் கழுத்து முட்ட நிரப்பாதீர்கள். ஒரு அங்குலம் குறைவாக விடுங்கள். முட்ட ஊற்றினால் விரிகிற அளவைக் குழாய் வழியாக ரோட்டில் துப்பிவிடும், "தினமும் குறையுது" என்று நீங்களும் தினமும் ஊற்றுவீர்கள்.

ஆடிக் காற்றில் தேரி மணல் பறக்கிற ஊர் உங்களுடையது, ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். தகடுகளுக்கு நடுவில் செம்மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் உள்ளே எந்தக் கூலன்ட் ஊற்றியும் பயனில்லை. என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

குட்டி யானையில் கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். புளியரை எஸ் வளைவு ஏறும்போது முள் ஏறுகிறது. வாரத்துக்கு ஒரு லிட்டர் கூலன்ட் ஊற்றுகிறேன். கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எங்கே போகிறது?
– வாசகர், பாவூர்சத்திரம்

தம்பி, வாரத்துக்கு ஒரு லிட்டர் ரொம்ப அதிகம். மூடி போட்டு அடைத்த அமைப்பில் கூலன்ட் தானாகத் தீராது. ஊற்றிக்கொண்டே இருப்பதால் காரணம் மறைந்துதான் போகும்.

கீழே சொட்டவில்லை என்பதால் ஒழுக்கு இல்லை என்று ஆகாது. சூடான என்ஜின் மேல் சொட்டுவது கீழே வருவதற்குள் ஆவியாகிவிடும். அதிலும் உங்கள் வண்டியில் என்ஜின் சீட்டுக்கு அடியில். ஆறிய பிறகு சீட்டைத் தூக்கி டார்ச் அடித்து, ஹோஸ் கிளிப் ஒவ்வொன்றையும் பாருங்கள். ஈரம் இருக்காது, வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். பம்ப் சீல் போனால் அதன் வழியாகக் கசிந்து தெரியட்டும் என்பதற்காகத்தான் அந்த ஓட்டை. அங்கே கறை வழிந்திருந்தால் பம்பை மாற்ற வேண்டியதுதான். சில பேர் எம்சீல் வைத்து அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர் பேரிங்குக்குப் போகும், பம்ப் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும்.

வெளியே எங்கேயும் கறை இல்லை என்றால் அடுத்த சந்தேகம் ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடு. காலையில் ஆறிய வண்டி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பாருங்கள். முதல் நிமிஷத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்து அடங்கினால் அது காற்று. அடங்காமல் விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் புகை கூலன்டுக்குள் வருகிறது. முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், சில சமயம் பீய்ச்சி அடிக்கும். ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே, சூடாவதற்கு முன்னாலேயே, மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தாலும் அதே கதைதான். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் பசை தெரிந்தாலும், டிப்ஸ்டிக்கில் ஆயில் கூடியிருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை, ஒரு மாதிரி இனிப்பு வாசனை, இதுவும் அறிகுறிதான். மழைக்காலக் காலையில் எல்லா வண்டியும் கொஞ்சம் வெள்ளையாக விடும், அது நிமிஷத்தில் நின்றுவிடும், இது நிற்காது.

ஒர்க்ஷாப்பில் கூலன்ட் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி விடுவார்கள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் எங்கேயோ ஓட்டை. பார்க்காமலேயே "ஹெட்டை இறக்கணும்" என்கிறவரிடம் கொஞ்சம் யோசித்து வண்டியைக் கொடுங்கள்.

லோடு விஷயமும் ஒரு வார்த்தை. அனுமதித்ததைவிட இரண்டு மடங்கு தக்காளிப் பெட்டி ஏற்றி, மூன்றாவது கியரில் இழுக்கவிட்டு எஸ் வளைவு ஏறினால், நல்ல கூலன்டும் திணறத்தான் செய்யும். கியரைக் குறைத்து, என்ஜினைக் கொஞ்சம் சுற்றவிட்டு ஏறுங்கள். பம்ப் வேகமாகச் சுற்றினால்தான் தண்ணீர் ஓடும்.

ரேடியேட்டர் ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போட்டால் நிற்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

நிற்கும். அதுதான் சிக்கல். ஊசி முனை அளவு ஓட்டை என்றால் தூள் போய் அடைத்துக்கொள்ளும், லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. நடுக்காட்டில் ஊர் வந்து சேர ஒரு வழியாக இருக்கட்டும், குறை சொல்லமாட்டேன். ஆனால் தூளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டர் குழாய், எது ஹீட்டர் குழாய் என்று தெரியாது. வீட்டுக்கு வந்த மறுநாளே அலசி எடுத்து, ஒழுகும் இடத்தைப் பற்றவையுங்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் லாபம். கடையில் டப்பாவில் விற்கும் ஒழுக்கடைப்பு மருந்துக்கும் இதே பதில்தான்.

மணிமுத்தாறு பக்கம் மலையேறும்போது ஜீப் பாய்லாகி ஆவி வந்தது. கூட இருந்தவர் உடனே மூடியைத் திறக்கச் சொன்னார். நான் பயந்து விட்டுவிட்டேன். செய்தது சரியா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

ரொம்பச் சரி. திறந்திருந்தால் முகமும் கையும் போயிருக்கும். அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்காமல் இருந்த தண்ணீர், மூடி திறந்த நொடியில் மொத்தமாக ஆவியாகப் பொங்கும்.

முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்து ஃபேனை வேகமாக வையுங்கள். உள்ளே வேகும், பரவாயில்லை, என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக இறங்கும். ஆவி வராமல் முள் மட்டும் ஏறியிருந்தால் ஓரங்கட்டி, நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிட்டால் இறங்கும். ஆவி வந்தாலோ, ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே அணையுங்கள், ஓடவிடக் கூடாது.

அப்புறம் சும்மா இருக்க வேண்டும். இதுதான் யாராலும் முடியாதது. முக்கால் மணி நேரமாவது, மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிறவரை. பக்கத்தில் ஓடை இருக்கிறதே என்று வாளியோடு என்ஜின் மேல் ஊற்றிவிடாதீர்கள், இரும்பு வெடிக்கும். ஆறியபின் கனத்த சாக்கை மூடி மேல் போட்டு, முதல் பல் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கியதும் முழுக்கத் திறந்து, என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அந்த நேரத்தில் கால்வாய்த் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். ஊர் திரும்பியதும் அதை இறக்கிவிட்டு முறையாகக் கலந்து ஊற்றிக்கொள்ளலாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். சரியா?
– வாசகர், வள்ளியூர்

சரியில்லை. ஊர் வெயில் 40 டிகிரி, என்ஜின் வேலை செய்ய வேண்டிய சூடு 80, 90 டிகிரி. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் அந்தச் சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், டீசல் கூடக் குடிக்கும், ஆயில் கெடும். சில என்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் என்ஜினுக்கே திரும்பி, முன்பைவிடச் சூடாகும். பழைய தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பதும் எளிது: பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதில் 82 என்று குத்தியிருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள். மாட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன், இல்லாமல் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை.

பச்சை இருந்த வண்டியில் சிவப்புக் கூலன்ட் ஊற்றலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

நிறம் வெறும் சாயம், கம்பெனிக்கு ஒரு நிறம். பார்க்க வேண்டியது வகை. இரண்டு வேறு வகை கலந்தால் சில சமயம் கூழாகி அடைக்கும், கூழாகாவிட்டாலும் துரு காக்கும் மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவசரத்துக்கு பேட்டரி தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது முழுக்க இறக்கி மாற்றுங்கள். டப்பாவில் ஐஎஸ் 5759 (இந்தியத் தர எண்) அல்லது ஜேஐஎஸ் கே 2234 (ஜப்பான் தர எண்) என்று இருந்தால் வாங்கலாம். பழைய வகை என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. நிறம் நன்றாக இருப்பதால் மருந்தும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இறக்கிய பழைய கூலன்டைத் தென்னைக்கு ஊற்றலாமா? வீட்டில் மாடும் நாயும் உண்டு.
– வாசகி, சுரண்டை

தென்னைக்கும் வேண்டாம், சாக்கடைக்கும் வேண்டாம், தொழுவத்துப் பக்கம் கொண்டே போகாதீர்கள் அக்கா. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிப்பாக இருக்கும், அதனால் நாய் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து. இறக்கும்போது அகலத் தட்டு வைத்துப் பிடித்து, சிந்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, பழையதைக் கேனில் மூடி, மேலே பெயர் எழுதி, பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

நாயோ மாடோ குடித்துவிட்டது என்று தெரிந்தால் தள்ளாடுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். முதல் சில மணி நேரத்தில் கொடுக்கும் மருந்துதான் காப்பாற்றும். நாயை உடனே பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரிக்கோ, முடிந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ தூக்கிக்கொண்டு போங்கள், மாடென்றால் டாக்டரை வீட்டுக்கே கூப்பிடுங்கள். டப்பாவையும் மறக்காமல் காட்டுங்கள், லேபிளைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.